விட்டுப்போன ஐந்தாம் வரி

சூசை,

நேற்றுப் பூசையில் உன் கல்யாண ஓலையை மூன்றாவது தடவையாக வாசித்து முடித்தார்கள். இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம்தான். உன் அப்பாவுக்கு மட்டும் பொம்மிடி ஸ்டேஷனில் லீவு தருவார்களா என்று இன்னும் தெரியவில்லை, அதனால் யாரைப் பார்த்தாலும் சிடுசிடுக்கிறார். கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது ஒரு தாய் மகனுக்கு என்ன எழுதுவாளோ அதை எழுதத்தான் நானும் பேனாவை எடுத்தேன். வரப்போகிறவளிடம் கோபத்தை எப்படிக் காட்டக்கூடாது, அவள் வீட்டாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்றெல்லாம் இரண்டு வரி எழுதிப் பார்த்தேன். எழுதிய வேகத்திலேயே அடித்துவிட்டேன். உன் கடிதம் வந்து நான்கு நாளாகிறது. அதைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரே எரிச்சல். அந்த எரிச்சலை வைத்துக்கொண்டு நல்ல புத்தி சொன்னால் அது நல்லபடியாக வராது. அதனால் முதலில் எரிச்சலையே எழுதிவிடுகிறேன்.

பெங்களூரிலிருந்து நீ அனுப்பியதைக் கடிதம் என்று சொல்லவே எனக்கு மனசில்லை. இரண்டு ஓரத்திலும் ஓட்டை போட்ட அகலமான தாளில், முழுக்க முழுக்கப் பெரிய எழுத்து இங்கிலீஷில், ஒன்று உடல்நலம், இரண்டு வேலை, மூன்று கல்யாணம் என்று நம்பர் போட்டு வந்திருக்கிறது. பெற்றவளுக்கு எழுதுகிற கடிதத்துக்கு எதற்கடா நம்பர்? உன் கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாது என்று எழுதியிருக்கிறாய். உனக்குத் தெரியும் அல்லவா? ஆனால் என் எரிச்சல் அதைப் பற்றியது இல்லை. அதனுடன் இன்னொரு தாள் வைத்திருந்தாய். நீ கம்ப்யூட்டருக்குக் கொடுத்த தாள். அதில் எந்த அலங்காரமும் இல்லை. வெறும் வரிகள். சில வரிகளின் தொடக்கத்தில் ஒரு புள்ளி, புள்ளிக்குப் பக்கத்தில் இரண்டு எழுத்து. அந்தப் புள்ளியைப் பார்த்து இது தலைப்பு, இது எச்சரிக்கை, இது செய்முறை என்று கம்ப்யூட்டர் புரிந்துகொண்டு, பக்கத்தை அதுவே அமைத்து, நம்பரையும் அதுவே போட்டு, முந்நூறு பக்கக் கையேட்டை ஒரு மத்தியானத்தில் அடித்துக் கொடுத்துவிடும் என்று எழுதியிருக்கிறாய். உங்கள் தொழிற்சாலையில் செய்கிற தகடு வெட்டும் மெஷினுக்கான கையேடு அது என்றும், அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது என்றும், உன் மேலதிகாரி உன் முதுகில் தட்டிக் கொடுத்தார் என்றும் எழுதியிருக்கிறாய். கடைசியில் எழுதியிருக்கிறாய்: இனிமேல் யாரும் உட்கார்ந்து படித்துப் பார்க்க வேண்டிய வேலையே இல்லை அம்மா.

அந்த வரியைப் படித்துவிட்டு நான் அடுப்பில் வைத்த பாலை மறந்துவிட்டேன். உனக்குத் தெரியாத ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். இந்தப் புள்ளியை நான் பத்து வருடத்துக்கு முன்னாலேயே போட்டவள்.

நீ அப்போது ஆஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். சேலம் ரோட்டில் மோட்டார் பம்புசெட் செய்கிற பட்டறையில் அம்மா டைப்பிஸ்ட் என்பது மட்டும்தான் உனக்குத் தெரியும். தருமபுரி தனி மாவட்டமாகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. கிணற்றுக்குக் கிணறு கரண்ட் கம்பி போய்க்கொண்டிருந்தது. மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் மோட்டாருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். மோட்டாரோடு ஆறு பக்கம் கொண்ட ஒரு செய்முறைத் தாள் கொடுக்க வேண்டும். எப்படி ஓட்டுவது, எப்படி நிறுத்துவது, எப்படித் துடைப்பது. மூன்று குதிரைத்திறன், ஐந்து, ஏழரை என்று மோட்டார் மூன்று வகை. ஸ்டார்ட்டர் பெட்டி இரண்டு வகை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தாள். முக்கால்வாசி வாசகம் ஒன்றேதான், ஆனால் நடுவில் ஒரு வரி மாறும். அந்த ஒரு வரிக்காக, நகல் எடுக்கிற ஸ்டென்சில் தாளில் ஆறு பக்கத்தையும் மறுபடி அடிக்க வேண்டும். முதலாளி நினைத்தால் ஒரு செய்முறையை நடுவில் சேர்ப்பார். சேர்த்தால் அதற்குக் கீழே இருக்கிற எல்லா நம்பரும் மாறும். மறுபடி முதலிலிருந்து. தமிழ் டைப்ரைட்டரில் கொம்பையும் காலையும் தனித்தனியாகத் தட்டித் தட்டி என் சுண்டுவிரல் மரத்துப்போகும். ஒரே வாசகத்தை நான் எத்தனை தடவை அடித்தேன் என்று எனக்கே தெரியாது. ஒரு மனுஷி செய்கிற வேலையா இது என்று தினமும் வீட்டுக்கு அழாத குறையாக வருவேன்.

அப்போதுதான் யோசித்தேன். எல்லா மோட்டாருக்கும் பொதுவாக ஒரே ஒரு மூலத்தாள். அதில் எந்த அமைப்பும் வேண்டாம், வெறும் வரிகள் போதும். வரிக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்து ‘த’ என்று இருந்தால் தலைப்பு, நடுவில் அடி. ‘எ’ என்றால் எச்சரிக்கை, கட்டம் போடு. ‘செ’ என்றால் செய்முறை, நம்பரை நீயே வரிசையாகப் போட்டுக்கொண்டு போ. மூலத்தாளில் நம்பரே கிடையாது. புள்ளிக்கு அப்புறம் ஐந்து என்று இருந்தால் ஐந்து குதிரைத்திறன் தாளுக்கு மட்டும் அடி, மற்றதற்கு விட்டுவிடு. மோட்டாரைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கூட அந்தக் குறியைப் பார்த்துக்கொண்டே தாளை உருவாக்கிவிடலாம். முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏம்மா, என்ன இது, எறும்பு ஊர்ன மாதிரி புள்ளி புள்ளியா? நீ அடிக்கறதுக்குத்தான சம்பளம்? அடிச்சுட்டுப் போ” என்றார். பக்கத்தில் நின்ற ஃபிட்டர்கள் சிரித்தார்கள். ஒரு வருடம் அந்தத் தாள் என் மேஜைக்குள் கிடந்தது. அந்த ஒரு வருடமும் நான் அதே ஆறு பக்கத்தை அடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு மோட்டார் கேட்டு ஆட்கள் வாசலில் நிற்கிற நிலை வந்தது. தாள் தயாராகாமல் மோட்டார் நிற்க ஆரம்பித்தது. பாத்திமா என்று ஒரு பெண்ணைப் புதிதாகச் சேர்த்தார்கள். கடைவீதியில் தோல் வியாபாரம் செய்கிற குடும்பம். கெட்டிக்காரி, ஆனால் மோட்டாரை அவள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. நான் யாரையும் கேட்காமல் மூலத்தாளை அவள் பக்கத்தில் வைத்தேன். சாயங்காலத்துக்குள் மூன்று மோட்டாருக்கும் தாள் தயார். முதலாளி வந்து பார்த்தார். “இதென்னம்மா, மிஷினு அடிச்ச மாதிரி இருக்குது” என்றார். அது என் யோசனை என்று அவர் காட்டிக்கொள்ளவே இல்லை, ஆனால் மறுநாளிலிருந்து எல்லாத் தாளும் அப்படித்தான் வந்தன. எனக்கு எவ்வளவு கர்வம் தெரியுமா? நீ உன் கடிதத்தில் காட்டியிருக்கிறாயே, அதே கர்வம்.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒவ்வொரு ஸ்டென்சிலையும் நாங்கள் ஒருவர் வாசிக்க ஒருவர் பார்த்துச் சரி செய்வோம். தொண்டை வறண்டு போகும், பாதி நாள் அதிலேயே போகும். குறி முறை வந்த பிறகு பாத்திமா ஒருநாள், “அக்கா, இன்னிக்கி யாரு வாசிக்கறது?” என்று கேட்டாள். “மூலம் சரியா இருக்குது, அதைப் பாத்து அடிச்சா அதுவும் சரியாத்தான் இருக்கும். ஒண்ணும் வாசிக்க வேண்டாம், விடு” என்றேன். உன் கடைசி வரியை நான் எங்கே முதலில் கேட்டேன் என்று இப்போது புரிகிறதா? என் வாயிலிருந்துதான்.

மூலத்தாள் எண்ணெய்க் கறை பட்டுக் கிழிந்ததால் ஒருமுறை அதைப் புதிதாக அடித்தேன். அதில் ஸ்டார்ட்டர் பெட்டியைத் துடைக்கிற பகுதி. நான்காவது வரி: ஸ்டார்ட்டரின் சிவப்புப் பொத்தானை அழுத்தி, நின்றதா என்று பார்க்கவும். ஐந்தாவது வரி: மெயின் சுவிட்சைக் கீழே இழுத்து, கரண்ட் நின்றதா என்று பார்க்கவும். ஆறாவது வரி: பெட்டியின் மூடியைத் திறக்கவும். இரண்டு வரியும் ஒரே மாதிரி முடிகின்றன பார். நான்காவதை அடித்துவிட்டுத் தலை நிமிர்ந்தபோது என் கண், பழைய தாளில் ஐந்தாவதின் முடிவில் போய் உட்கார்ந்தது. அடித்தாயிற்று என்று நினைத்து ஆறாவதுக்குப் போய்விட்டேன். பொத்தானை அழுத்தவும், மூடியைத் திறக்கவும். படித்தால் எந்த இடத்திலும் இடறாது. பழைய முறையில் கையால் நம்பர் போட்டிருந்தால் நாலுக்கு அப்புறம் ஆறு என்று இளித்துக்கொண்டு நின்றிருக்கும். மூலத்தில்தான் நம்பரே இல்லையே! பாத்திமா வரிசையாக ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று போட்டுக்கொண்டு போனாள். ஓட்டையை அந்த நம்பரே மூடிவிட்டது. மூன்று வகை மோட்டாருக்கும், இரண்டு வகை ஸ்டார்ட்டருக்கும், ஐந்து மாதம், வெளியே போன ஒவ்வொரு தாளிலும் அந்த வரி இல்லை.

நல்லம்பள்ளிப் பக்கத்து விவசாயி ஒருவர், மாரப்பன் என்று பெயர், மோட்டாரைத் துடைக்க நினைத்தார். அவர் அவசரக்காரர் இல்லை. தாளைப் பிரித்துக் கல் வைத்துப் பறக்காமல் பண்ணிக்கொண்டு, விரலை வரிமேல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்து, படித்தபடியே செய்தவர். பொத்தானை அழுத்தினார். மோட்டார் நின்றது. மூடியைத் திறந்தார். மோட்டார் நின்றாலும் பெட்டிக்குள் வந்து சேரும் கம்பியில் கரண்ட் நிற்பதில்லை. வலது கையில் இரண்டு விரல் கருகிப்போய், சேலத்தில் எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்ததே பக்கத்தில் முளை அடித்துக்கொண்டிருந்த அவர் தம்பி கட்டையால் தட்டிவிட்டதால்தான்.

செய்தி வந்த அன்று முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். தாளைப் பார்த்ததும் இருவருக்கும் புரிந்துவிட்டது. அவர் கத்தவில்லை. மெதுவான குரலில், “அந்த வரியைச் சேத்து அதே தேதிக்கு ஒரு தாள் அடிச்சு ஃபைல்ல வச்சுரும்மா. அவரு படிக்காம செஞ்சுட்டாருன்னு போயிரும்” என்றார். வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே, “பையன் ஆஸ்டல்ல இருக்கான். வேலை போனா என்ன பண்ணுவ? அடிச்சுக் குடுத்துட்டுப் பேசாம வந்துரு” என்றார். மறுநாள் அடித்தேன். சூசை, அந்தப் பாவத்தை உன் அப்பா தலையில் போட்டே நான் பல வருடம் ஓட்டியிருக்கிறேன். நாங்கள் எதற்கெல்லாமோ சண்டை போட்டதாக நீ நினைத்துக்கொண்டிருப்பாய். பாதிச் சண்டைக்கு இதுதான் காரணம். அவர் சொன்னார் என்பது உண்மை. அடித்த கை என்னுடையது. கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறாய், இதையாவது என்னிடமிருந்து தெரிந்துகொள். நீ செய்ததை அவள் சொல்லிச் செய்ததாக ஆக்காதே. அது ஒருவரையும் தூங்கவிடாது.

மூன்று வாரம் கழித்து மாரப்பன் கையில் கட்டோடு பட்டறைக்கு வந்தார். கூட அவர் தம்பி. முதலாளி ஃபைலைத் திறந்து என் தாளை மேஜையில் வைத்தார். “இந்தா பாருங்க, அஞ்சாவது வரி. மெயினை எறக்கச் சொல்லித் தெளிவாப் போட்டிருக்குது. நீங்க படிக்கல.”

மாரப்பன் சண்டைக்கு வந்தவர் மாதிரியே இல்லை. இடது கையால் இடுப்பிலிருந்து மடித்த தாளை எடுத்து என் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். பம்பு ரூமில் தொங்கிய தாள், ஓரமெல்லாம் மசகு. “ஏனுங்க, எனக்குக் குடுத்த தாள்ல அந்த வரி எங்கீங்க? இதுலயும் அதே தேதிதான் போட்டிருக்குது. நான் படிச்சனுங்க. படிச்சுத்தான் செஞ்சேன். எங்கூட்டுல எல்லாரும் என்னைய அவசரக்காரன்னு பேசறாங்க. அதுக்காகத்தானுங்க வந்தேன்” என்றார். முதலாளி, “அது எங்க தாளே இல்ல” என்று ஏதோ சொன்னார். மாரப்பன் அவரைப் பார்க்கவில்லை. மூலையில் டைப்ரைட்டருக்குப் பின்னால் இருந்த என்னைப் பார்த்தார். “நீங்கதானுங்களே அடிக்கறது? ரெண்டுல எதுங்கம்மா நெசம்?”

என் வாழ்க்கையில் அவ்வளவு மரியாதையாக என்னை யாரும் கேட்டதில்லை. திட்டியிருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். “உங்க கையில இருக்கறதுதாங்க நெசம். இது மூணு வாரத்துக்கு முன்னாலதான் அடிச்சது. அந்த வரிய நான் விட்டுட்டேங்க” என்றேன். மாரப்பன் தன் தாளை மறுபடி மடித்தார். “அப்ப நான் சரியாத்தான் படிச்சேன்” என்று தம்பியிடம் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது.

முதலாளி பயந்துபோனார். ஆஸ்பத்திரிச் செலவை ஏற்றுக்கொண்டார். வெளியே போன தாள்களை என்ன செய்வது என்று நான் கேட்டதற்கு, “என்னமோ பண்ணு” என்றார். அந்த ஒரு வரியைச் சிறு சிறு சீட்டாக அடித்துக்கொண்டு, பசை டப்பாவோடு நானும் பாத்திமாவும் பஸ் ஏறினோம். மோட்டார் வாங்கியவர்களின் விலாசம் இருந்தது. ஊர் ஊராக, தோட்டம் தோட்டமாகப் போய் ஒட்டினோம். சில இடத்தில் தாளே இல்லை, சீட்டைப் பெட்டிமேலேயே ஒட்டிவிட்டு வந்தோம். தமிழ் படிக்கத் தெரியாத கன்னடக்காரர் வீட்டில் பாத்திமா கையை ஆட்டி ஆட்டிக் காட்டினாள். வேறு யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்கவில்லை. அது என் சாமர்த்தியம் இல்லை.

மாரப்பன் தோட்டத்துக்கும் போனோம். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. “வந்தீங்கல்ல, நீங்க படிங்க, நான் செய்யறேன். இன்னும் என்ன விட்டிருக்கீங்கன்னு பாக்கலாம்” என்றார். மெயினை முதலிலேயே இறக்கிவிட்டு, இடது கையால் ஒவ்வொன்றாகச் செய்ய ஆரம்பித்தார். நான் வாசித்தேன். இரண்டாவது வரியிலேயே நிறுத்தினார். “‘இணைப்பைச் சரிபார்க்கவும்’னா எதையீங்க பாக்கணும்? இங்க நாலு இருக்குது.” எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ வருடமாக அந்த வரியை அடித்தவள் நான். அந்தப் பெட்டிக்குள் நாலு இணைப்பு இருக்கிறது என்பதே அன்றுதான் தெரியும். ஆறு பக்கம் முடிவதற்குள் பதினோரு இடத்தில் நிறுத்தினார். பதினோரு இடத்திலும் நான் முழித்தேன். அந்தப் பதினொன்றையும் எழுதிக்கொண்டு வந்து முதலாளி மேஜையில் வைத்தேன். அடுத்த மாதம் என்னை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பாத்திமா மட்டும் அந்தப் பதினொன்றை எழுதிய தாளை ஒளித்து வைத்து, மூலத்தாளை ஒவ்வொரு வரியாகத் திருத்திவிட்டாள் என்று பின்னால் சொன்னாள். அம்மா ஏன் வேலையை விட்டாள் என்று நீ கேட்டபோது கண் வலி என்று சொன்னேன். பொய்.

உன் வேலையைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதே. அந்தப் புள்ளி நல்ல யோசனை. அது இல்லாமல் எத்தனை பேர் விரல் மரத்துப்போய்க் கிடந்தோம் என்று எனக்குத் தெரியும். என்னைப் பார்த்துச் சிரித்த ஃபிட்டர்கள் இப்போது உன் தாளைப் பார்த்தால் வாயைப் பிளப்பார்கள், அதை நினைத்தால் எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கிறது. என்ன எரிச்சல் என்றால், நான் பத்து வருடமாக வாயைத் திறக்காமல் இருந்ததால் நீ அதே இடத்தில், அதே கர்வத்தோடு வந்து நிற்கிறாய். பாத்திமா ஒரு நாளில் மூன்று தாள் அடித்தாள். உன் கம்ப்யூட்டர் மத்தியானத்துக்குள் முந்நூறு பக்கம் அடிக்கிறது. ஒரு வரி போனால் அதே வேகத்தில் போகும், நம்பர் வரிசையாக, அழகாக, யாருக்கும் தெரியாமல். உன் மெஷின் தகடு வெட்டுவது. விரலோடு நிற்காது. உன் கல்யாணத்தைப் பற்றி ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அப்படியிருந்தும் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலையைச் சத்தமாக வாசித்து, தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்கிறார்கள். முந்நூறு பக்கத்தை ஒரு தடவை வாசிக்க உங்களுக்கு நேரமில்லையா?

சொல்லிக்கொண்டே இருந்தால் நீ “சரிம்மா, பாக்கறேன்” என்று பதில் போடுவாய், பார்க்க மாட்டாய். உன்னை எனக்குத் தெரியும். அதனால் வியாழக்கிழமை காலை பஸ்ஸில் நானே வருகிறேன், அதுவரை அச்சுக்குக் கொடுக்காதே. கல்யாண வேலை இரண்டு நாள் கிடக்கட்டும், உன் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். முறைத்தார், ஆனால் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. என் இங்கிலீஷ் ஒன்றும் மோசமில்லை, இங்கிலீஷ் டைப்பிங்கிலும் லோயர் பரீட்சை பாஸ் பண்ணியவள்தான். கையேட்டை முழுதாக அடித்து வை. அந்த மெஷினை ஓட்டப்போகிற ஆள் ஒருவரையும் கூப்பிட்டு வை, உன் மேலதிகாரியை இல்லை. எனக்கு ஒரு நாற்காலி கேட்டு வாங்கிப் போடு. நான் வாசிக்கிறேன், நீங்கள் இருவரும் வரிக்கு வரி கையால் செய்து காட்டுங்கள். முடியும்வரை அந்த மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கக் கூடாது.

அம்மா